சிவப்பாகவே நின்ற ஏழாம் கட்டில்

அமெரிக்காவில், ஏரிக்கரை டுலூத் நகரில் வீடில்லாதவர்கள் தங்கும் விடுதிகள் நான்கு. நான்குக்கும் பொதுவான கட்டில் பட்டியல் மென்பொருளை எங்கள் சின்ன கம்பெனிதான் எழுதியது. ஒரு கட்டிலின் நிலை மாறினால் அந்தச் செய்தி ஒரு வரிசையில் போய் நிற்கும். அங்கிருந்து வருவதை வைத்துத்தான் விடுதிகளின் கணினித் திரைகள் நிறம் மாறும்: ஆள் இருந்தால் சிவப்பு, காலியானால் பச்சை. திரைகள் தாமாகப் போய்ப் பட்டியலைப் பார்ப்பதில்லை. செய்தி வந்தால்தான் அவற்றுக்கு எதுவும் தெரியும்.

வரிசை நீள்கிறது என்று எங்கள் குழுத் தலைவன் ரஸ் ஒரு குறுக்குவழி வைத்தான். ஒரே கட்டிலைப் பற்றிச் சில நிமிடத்துக்குள் இரண்டு செய்தி வந்தால், முந்தியதை எறிந்துவிட்டுப் பிந்தியதை மட்டும் அனுப்புவது.

"ரஸ், 'காலி'ன்னு ஒண்ணு வருது. பின்னாடியே 'போர்வை மாத்தியாச்சு'ன்னு வருது. முதல்ல வந்ததைக் குப்பையில போட்டா, காலியானது எவனுக்குத் தெரியும்?"

"போர்வையை யாரு அவ்வளவு சீக்கிரம் மாத்துறா, கிரெட்டா? நீ ஒருத்தி, சும்மா பயமுறுத்திக்கிட்டு!"

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கரடியாகக் கத்திப் பார்த்து ஓய்ந்துபோனேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம், நான்கு விடுதிக்கும் ஆள் சேர்க்கும் மேசையில் இருக்கும் லொரெட்டா போனில் பொரிந்து தள்ளினாள்.

"ஏம்மா, மேற்கு விடுதியில ஏழாம் கட்டில் காலையிலேர்ந்து சும்மா கிடக்காம்! என் திரையில இன்னும் சிவப்பு. இப்பத்தான் கைக்குழந்தைக்காரி ஒருத்திய இடமில்லன்னு அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னா. ஏரிக் காத்து எலும்பைத் துளைக்குது, தெரியுமா?"

மேற்கு விடுதிக்குப் புதிதாக வந்த ஊழியர் படு சுறுசுறுப்பு. ஆள் கிளம்பிய கையோடு போர்வையை மாற்றி, இரண்டு பொத்தானையும் ஒரே மூச்சில் அழுத்தியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதுமா? அந்தக் கருமத்தை இப்பவாவது எடு!" என்று ரஸ்ஸிடம் கத்திவிட்டுக் காரை எடுத்தேன்.

பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையோடு ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

"உங்களுக்கு இடம் இருக்கு. வாங்க, நானே கொண்டுபோய் விடுறேன்."

"நீங்க யாரு?"

"அந்தக் கட்டில் திரையை எழுதினவ."

"அதைத்தான் அந்தம்மா எனக்குத் திருப்பிக் காட்டினாங்களே. எல்லாம் சிவப்பு."

"அது தப்பு."

"முன்னபின்ன தெரியாதவங்க கார்ல குழந்தையோட ஏறச் சொல்றீங்க. எதை நம்பி?"

லொரெட்டாவை அழைத்தேன்; எடுக்கவில்லை. குறுக்குவழியை எடுத்துவிட்டதாக ரஸ் செய்தி அனுப்பியிருந்தான். அப்பாடா என்று போனில் திரையைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

ஏழாம் கட்டில் சிவப்பு. இனி வருகிற செய்திதான் தப்பாமல் வரும். காலையில் எறிந்தது எறிந்ததுதான், அதை யாரும் மறுபடி அனுப்பப்போவதில்லை. இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்!

"நீங்களே பாருங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மினியாபொலிஸ் நகருக்குப் போகும் பேருந்து வந்தது. குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.