காது மடக்கிய கார்

...கண்ணாடி மடங்கியிருக்கிறது, அதுதான் என் வழக்கே, அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும், நடுவில் நகைச்சுவை எதுவும் கூடாது, "மேடம், படத்தில் இருக்கும் காரில் நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடி உள்பக்கமாக மடக்கப்பட்டிருக்கிறது, நான் என் காரில் அப்படி மடக்கியதே கிடையாது, ஆகவே அது வேறு யாருடைய காரோ, நம்பரைத் தப்பாகப் படித்துவிட்டார்கள்", அவ்வளவுதான், அந்த 'ஆகவே' கூட வேண்டாமோ, வக்கீல் வைக்காதவன் வக்கீல் மாதிரி பேசினால் நீதிபதிகளுக்குப் பிடிக்காது என்று மச்சான் சொன்னான், அவன் இந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை, ஆனாலும் அவன் எதைச் சொன்னாலும் நேரில் பார்த்தவன் சொல்வது மாதிரியே இருக்கும், எனக்கு நேர் எதிர், நான் நேரில் பார்த்ததைச் சொன்னாலும் ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்...

மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் கீழே வர மனமில்லாமல் பாதியிலேயே நிற்கிறது. உயரமான ஜன்னலிலிருந்து விழுந்த வெயில் தரையில் ஒரு கட்டமாகக் கிடந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் நகர்கிறது, அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும், கோட்டைத் தாண்டியதற்காக. இங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாசலில் நிற்கும் சிப்பந்தி வண்டி நம்பரைத்தான் வாசிக்கிறார், வாசித்ததும் ஒரு ஆள் எழுந்து நடக்கிறார், காலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இப்போது எனக்கு இந்த பெஞ்சுகளில் மனிதர்களே தெரியவில்லை, மூலையில் வாயைத் திறந்து தூங்குவது ஒரு லாரி, நகம் கடித்துக்கொண்டிருப்பது ஸ்கூட்டர், கைக்குழந்தையோடு இருக்கும் அந்த அம்மா பக்கவாட்டில் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள், எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, எவ்வளவு அமைதி, வெளியே இதே கூட்டம் ஒருவரை ஒருவர் என்னவெல்லாம் திட்டியிருக்கும்... நான் என்ன வண்டி? கூரையில் பலகை மாட்டிய பழைய கார், பலகையில் 'பழகுநர்', கீழே 'தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும்', அதையே கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடித்திருக்கலாம்.

சிரிக்காதே. இது சிரிக்கிற விஷயம் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குப் பயிற்சியாளர் அட்டை என்று ஒன்று உண்டு, அது இல்லாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காசு வாங்க முடியாது, மாணவர்கள் செய்கிற தப்பும் என் சொந்தத் தப்பும் எல்லாம் அந்த அட்டையில்தான் வந்து விழும், ஏற்கெனவே விழ வேண்டிய அளவுக்கு விழுந்துவிட்டது, இன்னும் ஒன்று விழுந்தால் அட்டையை நிறுத்திவைத்துவிடுவார்கள், அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்து நாற்காலிகளுக்குத்தான் ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால்தான் வந்திருக்கிறேன். அபராதம் கட்டிவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், ஒத்துக்கொண்டால் அட்டை போய்விடும். அதுவும் செய்யாத தப்புக்கு, நிறுத்தக் கூடாத தெருவில் காரை நிறுத்தியதாக! நோட்டீஸில் போட்டிருக்கும் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் ஓட்டுநர் பள்ளியின் காரில், ஓட்டப் படிக்கிற ஒரு பல் டாக்டரோடு மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தேன், அவர் ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், பாலத்தில் அவர் வாயே மூடவில்லை. என் சொந்தக் கார் வீட்டில் நின்றது. நோட்டீஸ் வந்த அன்றைக்குக்கூடக் கேட்டேன், "சனிக்கிழமை கார் வீட்டுலதானே இருந்துச்சு?" என் மனைவி உள்ளேயிருந்து, "கார் தானா எங்க போகும்?" என்றாள், நியாயமான பதில், நான்கூடச் சிரித்தேன்.

இவள் இதோ பக்கத்தில் தூங்குகிறாள். பள்ளிக்கூட நூலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, "நானும் வரேன்" என்று வந்தாள், எதுக்கு என்றேன், "சும்மா, கோர்ட்டு பார்த்ததில்ல" என்றாள், ஏதோ கண்காட்சிக்கு வருவது மாதிரி கிளிப்பச்சைப் புடவை வேறு. வழியெல்லாம் பேசவே இல்லை. இங்கே வளாகத்தில் நான் காரைக் கொஞ்சம் கோணலாகத்தான் நிறுத்தினேன், கோடு ஒரு பக்கம் கார் ஒரு பக்கம், என்ன செய்ய, சமையல்காரன் வீட்டில் பட்டினி கிடப்பதில்லையா, அவள் இறங்கி அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், முன்பெல்லாம் அவள் கோட்டைப் பார்க்கிறவள் இல்லை.

படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். ரோந்து வரும் கேமரா வண்டி பின்னாலிருந்து எடுத்த படம். கார் மரத்தடியில், நடைபாதையை ஒட்டி, இஸ்திரி போட்டு வைத்த மாதிரி நேராக, என் வாழ்நாளில் நான் இப்படி நிறுத்தியதில்லை, அதையே சாட்சியாகச் சொல்லலாம், "மேடம், இவ்வளவு நல்லா நிறுத்த எனக்கு வராது", வேண்டாம், ஜோக் வேண்டாம். கண்ணாடி மடங்கியிருக்கிறது, அதை மட்டும். யார் மடக்குவார்கள்? கணக்கு டீச்சரிடம் ஓட்டப் படிக்கிறவர்கள் மடக்குவார்கள். அடுத்த தெருவில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிற அம்மா, முன்பு எங்கேயோ கணக்கு சொல்லிக்கொடுத்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை, நிறுத்திய கையோடு "காதை மடக்கு" என்பார், நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடியை மடக்கி வைக்காவிட்டால் அன்றைய பாடம் முடிந்ததாகவே கணக்கில்லை, வேறு எந்தப் பள்ளியிலும் இந்தப் பழக்கம் கிடையாது, நான்கூட என் மாணவர்களிடம் சொல்வேன், "அந்தம்மா காரோட காதை மடக்கச் சொல்றது எதுக்குத் தெரியுமா, அவங்க திட்டறது காருக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான்", எல்லோரும் சிரிப்பார்கள், என் வகுப்பில் சிரிப்புக்குக் குறைவே கிடையாது, பாஸானவர்கள்தான் கொஞ்சம் குறைவு.

இவளுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், ஒரே ஒரு நாள், அதுவே பெரிய கதை, சிக்னலில் பச்சை விழுந்தது, கார் நகரவில்லை, பின்னால் இருந்த ஹாரனெல்லாம் கத்துகிறது, ஏம்மா என்றால், "இப்பப் போனா நடுவுல சிவப்பு விழுந்துடுமே, அடுத்த பச்சைக்குப் போறேன்" என்றாள், அப்படியும் ஒரு மனுஷி, நான் அங்கேயே இறங்கிப் பின்னால் நின்ற பஸ் டிரைவரிடம் போய்ச் சொன்னேன், அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிச் சிரித்தார், அதற்கப்புறம் ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் பாடமே இதுதான், மச்சான் வீட்டு விருந்தில் சொன்னேன், கல்யாண வீடுகளில் ஆட்கள் கேட்டு வாங்கிச் சொல்லவைப்பார்கள், "அந்தப் பச்சை சிக்னல் கதையைச் சொல்லுங்க", கடைசியாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்... சாப்பிட்டு முடித்திருந்தோமா அப்போது? என் தட்டில் இன்னும் இருந்தது மாதிரி ஒரு ஞாபகம்.

ஒரு நம்பரை வாசித்தார்கள், லாரி விழித்து எழுந்து போனது. வெயில் கட்டம் இவள் பாதத்தின் மேல் ஏறியிருந்தது. அப்போதுதான் பார்த்தேன், இவள் இடது பாதம் தூக்கத்திலேயே மெல்லக் கீழே அழுத்தியது, குதிகால் தரையில், விரல் நுனி மட்டும், அழுத்தி நின்றது, பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, பூனை கதவைத் திறக்கிற மாதிரி மேலே வந்து, பாதியில் கொஞ்சம் நின்று, அப்புறம் முழுசாக விட்டது... நான் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் யார் காலும் எனக்குத் தெரியாமல் போகலாம், கிளட்ச் மிதிக்கிற கால் தெரியாமல் போகாது. அந்தப் பாதி நிறுத்தம் இருக்கிறதே, அதற்காக நான் எத்தனை பேரிடம் தொண்டை வற்றக் கத்தியிருப்பேன், என்னிடம் படித்த ஒருத்தர்கூட இவ்வளவு அழகாக விட்டதில்லை.

சாயங்கால நடை... டாக்டர் நடக்கச் சொன்னார் என்று தினம் போனாளே, வியர்க்காமல் திரும்பி வந்தாளே, நான் என்ன சொன்னேன், "நீ நடக்கறியா இல்ல ரோடு நடக்குதா" என்றேன். பிறகு அந்த இருக்கை. கொஞ்ச நாளாகக் காரில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது, ஸ்டியரிங் வயிற்றில் முட்டுகிறது, இருக்கையை யாரோ முன்னால் தள்ளியிருக்கலாம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும், எனக்குத் தோன்றியது தொப்பை என்று, ராத்திரிச் சோற்றை விட்டேன், வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், இவளும் வாயைத் திறக்காமல் தினம் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தாளே. கார் தானா எங்க போகும்... பொய்யே சொல்லவில்லை. கணக்கு டீச்சரிடமா கற்றுக்கொண்டாள்? சிரிக்கவே தெரியாத அந்த அம்மாவிடமா? ஊரில் எத்தனை பள்ளி இருக்கிறது, எதற்காக அங்கே... எதற்காக என்று எனக்குத் தெரியாதா என்ன. நான் படத்தைத் திருப்பி மடியில் கவிழ்த்தேன், அதுவாவது என்னைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று.

அவள் கண்ணைத் திறந்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"கூப்பிட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நீ தூக்கத்துல ரெண்டாவது கியர் போட்டே."

அவள் தன் காலைப் பார்த்தாள். புடவையை இழுத்து மூடினாள், ஏதோ திருட்டுச் சாமானை மூடுகிற மாதிரி. "லைசென்ஸ் போன மாசமே வந்துடுச்சு" என்றாள். "இன்னிக்கு காலையில சொல்லிடலாம்னு பார்த்தேன். நீங்க கார்ல வாதம் ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு. கேட்டுக்கிட்டே வந்துட்டேன்."

அந்தத் தெருவில் நமக்கு யாரைத் தெரியும், என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் குரல் வேறு மாதிரி வந்தது தெரிந்தது. "யாரையும் தெரியாது. நிழல் நல்லா இருந்துச்சு. நிறுத்திட்டு ஜன்னலை இறக்கிட்டு உக்காந்திருந்தேன்." எவ்வளவு நேரம்? "தெரியல." என்ன பண்ணினே? "ஒண்ணும் பண்ணல. அதான் நல்லா இருந்துச்சு." அப்படியானால் படம் எடுத்தபோது? அவள் தலையாட்டினாள், "உள்ளதான் இருந்தேன்." நான் படத்தைத் திருப்பினேன், எத்தனை நாள் இதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், நம்பரைப் பார்த்தேன், ஓட்டுநர் இருக்கையின் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துணுக்கு தெரிகிறது, மர இலை என்று இருந்தேன், இந்தப் புடவையின் கிளிப்பச்சை.

பரவாயில்லை, என்றேன், சினிமாவில் தோட்டாவுக்குக் குறுக்கே பாய்கிறவன் குரலில், "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன். அட்டை போனா போகட்டும். புது லைசென்ஸ்ல எதுக்கு உனக்குக் கறை." இதற்கு அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை.

"நான் ஓட்டினதை நீங்க எதுக்கு ஓட்டினதாச் சொல்லணும்?"

அப்போது பார்த்து எங்கள் நம்பரை வாசித்தார்கள். நானும் எழுந்தேன், அவளும் எழுந்தாள், ஒரே நம்பருக்கு இரண்டு பேர் வருவதைச் சிப்பந்தி விசித்திரமாகப் பார்த்தார். நீதிபதி அம்மாவுக்கு ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே, "உங்க வண்டியா? யார் நிறுத்தினது?" என்றார். என் வாய் திறந்தது, திறந்து அப்படியே நின்றது, பாலத்தில் பல் டாக்டர் மாதிரி, பக்கத்தில் "நான்தான் மேடம்" என்று கேட்டது, நூலகத்தில் பேசிப் பழகிய சின்னக் குரல், ஆனால் கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் போனது. "ஆனா அங்க நிறுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது, பலகை இலைக்குள்ள மறைஞ்சிருக்கு, இதோ பாருங்க." தானே போய்ப் பிடித்த படங்களைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள், காரிலிருந்து பார்த்தால், நடைபாதையிலிருந்து பார்த்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், எல்லாவற்றிலும் மரம், மரத்துக்குள் பலகையின் ஒரு மூலை வெட்கப்பட்டு எட்டிப் பார்க்கிறது. என் வழக்கில் மரமே இல்லை, நான் இத்தனை நாளும் மரத்தைப் பார்க்கவே இல்லை. நீதிபதி படங்களைப் பார்த்தார், கேமரா படத்தைப் பார்த்தார், போக்குவரத்துக் காவலரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார்.

"இலைக்குப் பின்னாடி இருக்கறதை யாரும் படிக்க முடியாது. தள்ளுபடி. அந்தக் கிளையை வெட்டச் சொல்லுங்க."

"மேடம்," என்றாள் இவள், நகராமல், "மரத்தை வெட்டிட மாட்டாங்களே?"

நீதிபதி கைக்குட்டையை எடுத்துவிட்டு முதல் தடவையாக முழு முகத்தோடு பார்த்தார். "கிளைதாம்மா. கிளை மட்டும்தான்."

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. அட்டை பிழைத்தது, பிழைத்த சந்தோஷம் எங்கேயோ வழியில் நின்றுகொண்டிருந்தது, இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. என் கோணல் காருக்கு இரண்டு பக்கமும் இப்போது பெரிய வண்டிகள், எடுப்பது கஷ்டம், நான் சாவியைத் தேடும்போது அவள் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். கால்கள் பழக்கத்தில் தாமாகவே பக்கத்து இருக்கைக்குப் போயின, அதுதானே என் இடம், வேலைக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இருக்கையை முன்னால் இழுத்தாள், டக் என்ற அந்தச் சத்தம், என் தொப்பையின் சத்தம். பின்னால் பார்த்தாள், ஒடித்தாள், நேராக்கினாள், மறுபடி ஒடித்தாள், எந்த வண்டியும் தன் மேல் தூசி விழுந்ததாகக்கூட உணர்ந்திருக்காது, தெருவுக்கு வந்துவிட்டோம்.

நல்லா ஓட்டறே என்று சொல்ல வேண்டும். எளிய வாக்கியம், தினமும் முன்பின் தெரியாதவர்களிடம், அதுவும் நல்லா ஓட்டாதவர்களிடம், சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் அதன் முதுகில் ஒரு ஜோக் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, இறங்கு என்றால் இறங்கவில்லை... தெருமுனையில் சிக்னல், பச்சை, எந்த நிமிஷமும் மாறிவிடும் போல ஒரு பச்சை, அவள் வேகத்தைக் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தேன், அது எங்கள் தலைக்கு மேல் மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற இலை மாதிரி மிதந்து பின்னால் போனது.

"காலை எடுங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க ஒண்ணும் இல்ல."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் காரின் தரையில் கிடந்த வெறும் கால்மிதியை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது, பள்ளிக் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அந்த இடத்தில். எப்போதிலிருந்து அழுத்துகிறேன்? வளாகத்திலிருந்தா, அல்லது அதற்கும் முன்னாலிருந்தா... எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அடுத்த சிக்னல் வரும்வரை.