கொஞ்ச நேரப் பிள்ளை

பிள்ளையின் நெஞ்சுக்குள் மூச்சு எடுக்க இடமில்லை, பிறந்தாலும் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்று பதுளையில் ஸ்கேன் பார்த்த டொக்டர் சொன்னார். அப்போது எனக்கு ஏழாம் மாதம். என் கணவர் றொபின்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் சுமப்பது நான், தலை சுற்றுவது அவருக்கு. நான்தான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் உருவாகி, பாதியிலேயே போய்விட்டன. அதனால் இந்த முறை மாமி, றொபின்சனின் அம்மா, ஒரு துண்டுத் துணிகூட வாங்க விடவில்லை. பிறக்குமுன் வாங்கி வைத்தால் தங்காது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் உள்ள பயம். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. றொபின்சன் இன்னும் ஒரு படி மேலே போய், என் வயிற்றைத் தொடுவதையே விட்டுவிட்டார். தொட்டால் ஆசை வந்துவிடுமாம்.

அந்த வாரம் முழுக்க அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார், கடவுளின் பிள்ளைகளுக்குக் கவலை எதற்கு, மகிழ்ந்திருங்கள் என்று பிரசங்கம் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் சுமந்து பாருங்கள் சாமி என்று எழுந்து சொல்ல வாய் துடித்தது. அதற்குள் பாட்டு தொடங்கியது. ஆர்மோனியச் சத்தம் கேட்டதும் பிள்ளை உதைத்தான். நன்றாகவே உதைத்தான்.

அவனுக்கு டொக்டர் சொன்னது தெரியாது. அவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறான். இருக்கப்போகிற காலம் முழுக்கத் தாய் அழுகிற சத்தத்தையே கேட்டுவிட்டுப் போக வேண்டுமா என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பாடினேன். என் குரல் சகிக்காது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பாடினேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வளைகாப்பு வேண்டும் என்றேன். மாமி கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா றொஷேல்? சாகப்போற புள்ளைக்கா வளையல் போடுறது?"

"இன்னும் சாகல்லையே மாமி. உசிரோடதான இருக்கான்."

மாமி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் விஜயலெட்சுமி அக்காதான் பண்டாரவளையிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். என்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவர். வளையலை மாட்டும்போது அழுகை தாங்காமல் என் விரலைப் போட்டு நசுக்கினார்.

"கைய ஒடிச்சிராதீங்க அக்கா. புள்ளையத் தூக்கணும்" என்றேன். அழுகைக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றொபின்சன், எல்ல பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓட்டும் தன் த்ரீவீலைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டார். சாயந்தரம் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"எப்படி ஒன்னால முடியுது?"

"அவன் இருக்கானேங்க."

"போயிருவானே புள்ள."

"போனப் பொறகு அழுறேன். அதுக்கு ஆயுசு பூரா கெடக்கு." அவர் கையைப் பிடித்தேன். "நான் ஒங்ககிட்ட ஒன்னுதான் கேக்குறேன். பொறந்ததும் அவனைக் கையில வாங்கிக்கங்க. ஒரு அப்பன் புள்ளைய வாங்குற மாதிரி சந்தோஷமா வாங்கிக்கங்க."

அவர் கையை விடுவித்துக்கொண்டு போனை எடுத்தார். அன்றிலிருந்து போனும் கையுமாகத்தான் இருந்தார். கண்டியில் யாரோ பெரிய டொக்டர், கொழும்பில் யாரோ தெரிந்தவர் என்று கேட்டவர்களையே திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

நான் மட்டும் எப்போதும் பாடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். துணி துவைக்கும்போது, துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். கடவுளிடம் மரியாதையில்லாமல் பேசியும் இருக்கிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நானே வைத்த பெயரைச் சொல்லி, "என்னடா அந்தோனி, பசிக்குதா?" என்று வயிற்றைத் தட்டிக் கேட்பேன். ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நேற்றைய சந்தோஷம் இன்றைக்கு உதவுவதில்லை.

அந்தோனி மழை பெய்த ஒரு காலையில் பதுளையில் பிறந்தான். சத்தமாக அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்தான். தாதி மிஸ் அவனைத் துடைத்து என் நெஞ்சில் வைத்தார். சூடாக இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பிள்ளையின் அப்பாவை உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன் என்று மிஸ் சொன்னார். அப்பாவைக் காணோம். வெளியே வராந்தாவில் கண்டிக்கு ஆம்புலன்ஸ் கேட்டு யாருடனோ மன்றாடிக்கொண்டிருந்தார். கதவு வழியாக எனக்கே கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, எழுந்து நடக்க முடிந்திருந்தால் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். பிள்ளை ஒவ்வொரு மூச்சையும் தேடித் தேடி எடுத்தான்.

ஒருவழியாகப் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தார்.

"கொஞ்சம் பொறு புள்ள, பேசிக்கிட்டிருக்கேன், கண்டியில ஒருத்தர்..."

"அத வைங்க. கைய நீட்டுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் கைகளை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன். உடையப் போகிற சாமானைப் பிடிப்பதுபோல் விறைத்துப் பிடித்தார். மிஸ் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்தார். பங்குச் சாமியார் வர நேரமில்லை, ஆகவே தகப்பன்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். றொபின்சனுக்கு ஜெபம் பாதியில் மறந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். ஒரு கையால் ஊற்றியதில் பாதித் தண்ணீர் தரையில் போனது.

தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை சிலிர்த்தான். சிலிர்த்த வேகத்தில் அப்பாவின் சட்டையெல்லாம் நனையும்படி ஒன்றுக்கிருந்தான்.

றொபின்சன் குனிந்து சட்டையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"அடேய்" என்றார். "அப்பன் சட்டைடா இது."

சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை, தையல் போட்ட இடம் இழுத்து இழுத்து வலித்தது. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். றொபின்சனின் தோள்கள் இறங்கின. பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இத்தனை மாதமும் பேசாததையெல்லாம் பேசினார். "எல்லக்குக் கூட்டிட்டுப் போறேன் ஒன்னைய. முன் சீட்டுல ஒக்கார வச்சுப் போறேன். வெள்ளைக்காரன் ஒன்னையத்தான் படம் புடிப்பான். அவன் சட்டையிலயும் அடிச்சு விட்ரு" என்றார். கண்ணீர் ஒரு பக்கம் ஓட, சிரிப்பு ஒரு பக்கம். எனக்கு அந்த மனிதரை மறுபடியும் கல்யாணம் பண்ணலாம் போலிருந்தது.

மிஸ் திரும்பி வந்து பிள்ளையின் நெஞ்சில் துடிப்பு கேட்கும் குழாயை வைத்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு குழாயைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

எந்த நேரத்தில் போனான் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.