எமில், நீங்க இப்ப பார்த்துக்கிட்டிருப்பீங்க

எமிலின் உதட்டில் பூசியிருந்த சிவப்பை ஓல்கா ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். இறுதிச் சடங்கு நிலையத்துக்காரர் பக்கத்தில் நின்று தயங்கினார்.

"அம்மா, அது இல்லன்னா ரொம்ப வெளிறித் தெரியும்."

"செத்தவன் வெளிறித்தான் இருப்பான். எங்க வீட்டு ஆம்பளைங்க சாயம் பூசிக்கிட்டு ஊர் முன்னாடி நின்னதில்ல."

அவர் பின்வாங்கினார். ஓல்கா தம்பியின் கழுத்துப்பட்டையை நேராக்கினாள். எமிலின் மனைவி இறந்துபோனதிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பேருந்தை ஓட்டியவன் அவன். செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத்துக் குழாயை மூடப் போனவன் திரும்பி வரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அதில் ஓல்காவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, நேற்று மாலைவரை.

நேற்று மாலை அவள் அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. ஊர் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆளுநர் மார்க்கம் அம்மா, தன் கட்சி மாநாட்டு மேடையில் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்தை ஏற்றுக்கொண்டு பேசியிருந்தார். மறு ஒளிபரப்பில் ஓல்காவும் அதைப் பார்த்தாள்.

"ஒஹையோ நதிக்கரையில ஹார்லன் ஃபெரின்னு ஒரு ஊர். அங்க எமில்னு ஒரு பெரியவரைப் பார்த்தேன். காலமெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவர். இன்னைக்கு விலை கட்டுப்படியாகாம தன்னோட இதய மாத்திரையை ரெண்டா வெட்டி, பாதியை நாளைக்குன்னு எடுத்து வைக்கிறார். வீட்ல அக்கா கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லிடுவாராம். எமில், நீங்க இப்ப பார்த்துக்கிட்டிருப்பீங்க. மன்னிச்சுக்குங்க, உங்க அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு!"

அரங்கமே சிரித்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. அந்த நேரத்தில் எமில் இந்தச் சடங்கு நிலையத்தின் கீழ்த்தளத்தில், குளிர்ப்பெட்டியில் கிடந்தான்.

கைதட்டியது ஓல்காவின் நினைவில் நிற்கவில்லை. சிரித்ததுதான் நின்றது.

கதவு திறந்ததும் வரிசை தொடங்கியது. ஒவ்வொருவரும் சவப்பெட்டியின் முன் நின்று சிலுவை போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார்கள். பிடித்த ஒவ்வொரு கையையும் ஓல்கா எடைபோட்டாள். இவள் சொல்லியிருப்பாளா? மருந்துக்கடையில் நிற்பவளாயிற்றே. இவன்? போன தேர்தலில் அந்தக் கட்சிக்கு வீடு வீடாக ஏறியவன்.

"நம்ம எமில் பேரு நாடு முழுக்கக் கேட்டுடுச்சே!" என்றாள் ஒருத்தி.

"அவன் பேரு இந்த ஊருக்குத் தெரிஞ்சா போதும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். உங்களுக்குத்தான் தெரியாதே," என்றாள் அடுத்தவள்.

ஓல்கா அந்தக் கையை விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு பெர்னி வந்தான். எமிலோடு மீன் பிடிக்கப் போகிறவன். எதிர்க்கட்சிக்காரன். "அக்கா, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. அவங்களுக்கு எழுதிக் குடுக்கிறவன் கதை கட்டியிருக்கான். செத்தவனைப் பார்த்து 'பார்த்துக்கிட்டிருப்பீங்க'ன்னு சொல்ற கட்சி. இவங்க நாட்டை ஆளப்போறாங்களாம்!"

அவளுக்கு அந்தச் சொல் இதமாக இருந்தது. கட்டுக்கதை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்து மாத்திரை? அவன் அவளிடம் சொன்ன அதே வார்த்தை. சமையலறை மேசையைத் தாண்டி அது எப்படி வெளியே போனது?

அப்போதுதான் இரண்டு பேர் ஒரு பெரிய மலர் வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் நாடா. அதில் வேட்பாளரின் பெயர், எமிலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

"அதை வண்டிக்கொட்டகையில வைங்க," என்றாள் ஓல்கா.

"அத்தை, எல்லாரும் பாக்குறாங்க." எமிலின் மகள் ரொசான் ஓடிவந்து காதருகே சொன்னாள். அவள் வீட்டு முன்புறப் புல்வெளியில் ஆளுநர் அம்மாவின் தேர்தல் பலகை கோடைக்காலம் முழுக்க நின்றிருந்தது.

ஓல்கா அவள் முழங்கையைப் பிடித்துக் காப்பி வைத்திருந்த சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன குடுத்தாங்க உனக்கு?"

"யாரு?"

"பெத்த அப்பனை மேடையில ஏத்தி சிரிக்க வச்சியே, அதுக்கு என்ன குடுத்தாங்க? வேலையா? போட்டோவா?"

ரொசானின் முகம் சிவந்தது. "நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல. அப்பாதான் சொன்னாரு."

"எமிலா? காய்ச்சல் வந்தாக்கூட வெளிய சொல்லமாட்டான்."

"தவக்காலத்துல, ஈஸ்டருக்கு முன்னாடி, சர்ச் மீன் விருந்துக்கு அந்தம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க சமையலறையில மீனை மாவுல தோய்ச்சுக்கிட்டிருந்தீங்க. அரசியல்வாதிக்கு நான் பரிமாற மாட்டேன்னு வெளியவே வரல. அப்பாதான் தட்டை எடுத்துட்டுப் போனாரு. அந்தம்மா உக்காருங்கன்னாங்க, உக்காந்துட்டாரு. மருந்து மாத்திரை எல்லாம் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டாங்க. சும்மா கேட்டாங்க, எல்லாரையும் கேக்குற மாதிரி. அப்பா மடமடன்னு சொல்லிட்டாரு. நான் பக்கத்து மேசை. எனக்கே அப்பதான் தெரியும்."

"தெரிஞ்சும் நீ என்கிட்ட சொல்லல."

"சத்தியம் வாங்கிட்டாரு. முழு மாத்திரை வாங்க நான் குடுத்த காசையும் திருப்பிட்டாரு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி. நான் குடுத்திருக்க மாட்டேனா?"

ரொசான் காப்பிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நன்றாக அடுக்கியிருந்தவற்றைப் பிரித்து, மறுபடியும் அடுக்கினாள்.

"குடுத்திருப்பீங்க அத்தை. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்தக் காசும் நம்மகூட சாப்பாட்டு மேசையில உக்காந்திருக்கும்."

ஓல்கா கதவைத் திறந்து வெளியே வந்தாள். கூடத்தில் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தியதும், உடனே வேறு எதையோ பேசத் தொடங்கியதும் கேட்டது.

வாசல் படியில் ஒரு பத்திரிகைக்காரி நின்றிருந்தாள். உள்ளே விடாமல் பெர்னி கையை நீட்டி மறித்துக்கொண்டிருந்தான். "எத்தனை தடவைம்மா சொல்றது? முழுப் பொய். இதோ அவங்க அக்காவே வர்றாங்க, கேட்டுக்க. ஹூடக் குடும்பம் யார்கிட்டயும் கையேந்தினதில்ல. சொல்லுங்கக்கா."

ஓல்கா படியில் நிமிர்ந்து நின்றாள். இல்லை என்று ஒரு சொல் போதும். ஓல்கா ஹூடக் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. நாளைக்கே அந்தம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள். எமில் மறுபடியும் எமில் ஆகிவிடுவான், யாரிடமும் எதுவும் கேட்காதவன். அக்காவுக்குத் தெரியாமல் இருந்தது என்ற பேச்சும் அதோடு போய்விடும். பின்னால் வரிசை காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

எமில் சொன்னதைப் பொய்யென்று எமிலின் சவத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"தக்காளிக் கத்தியால," என்றாள்.

"என்னம்மா?"

"தக்காளி வெட்டுற கத்தி. பல்லு வச்சது. மாத்திரை பொடியாயிடக் கூடாதுன்னு மெதுவா அழுத்துவான். சிதறினா விரலை நக்கி ஒத்தி எடுத்துக்குவான். நான் எதிர்ல உக்காந்துதான் காப்பி குடிச்சுக்கிட்டிருப்பேன், தினமும்."

பெர்னியின் கை கீழே இறங்கியது.

"அது சத்து மாத்திரைன்னு நீங்க நம்பினீங்களா?"

ஓல்கா தெருவுக்கு அப்பால் ஆற்றைப் பார்த்தாள். ஒரு நிலக்கரிப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தாண்டும்வரை பத்திரிகைக்காரி காத்திருந்தாள்.

"ஹூடக். எழுத்துப் பிழை இல்லாம போடுங்க," என்று சொல்லிவிட்டு ஓல்கா உள்ளே போனாள்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. கை கொடுத்துக் கொடுத்துக் களைத்து, கொஞ்சம் காப்பி குடிக்கலாமென்று அவள் சின்ன அறைக்குத் திரும்பியபோது, திறந்து கிடந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெர்னி நின்றிருந்தான். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தான். காலடி கேட்டதும் திரும்பிக் கையை மூடிக்கொண்டான்; அதற்குள் அந்தப் பாதி மாத்திரை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"தலைவலிக்கா."

கூடத்தில் இரண்டு மூன்று பேர் காப்பிக்காக இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"வெறும் வயித்துல போடாத. அந்த ரொட்டியை ஒரு வாய் தின்னுட்டுப் போடு," என்றாள் ஓல்கா. சொல்லிவிட்டு, அவனுக்கும் கதவுக்கும் நடுவே, கூடத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்றுகொண்டாள்.