லோயிஸ் டேலைத் தூக்கிய சனிக்கிழமை

ஹான்காக் நகரத்துக் குளிர்காலத் திருவிழாவில், மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயத்துக்குத்தான் கூட்டம் அதிகம். டேல் ருவோனாவும் அவர் மனைவி லோயிஸும் கல்யாணமானதிலிருந்து அதில் ஓடாத வருஷம் இல்லை. ஒரு தடவைகூட ஜெயித்ததும் இல்லை. பனிமேட்டைத் தாண்டும்போது டேல் அவளைத் தலைகுப்புறப் போட்டுவிடுவார். அதைப் பார்க்கவே பாதி ஊர் வரும்.

இந்த வருஷம் வேடிக்கை பார்க்க மட்டும்தான் வந்திருந்தார்கள். நவம்பரில், வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த டேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பனிப்புயலில் ஆம்புலன்ஸால் மேடேற முடியவில்லை. அதே தெருவில் குடியிருந்த தீயணைப்புத் தொண்டர்கள் நால்வர்தான் அவரைச் சறுக்குவண்டியில் கிடத்தி, மாறி மாறி நெஞ்சை அழுத்திக்கொண்டே இறக்கத்தில் இழுத்துப் போனார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்ததும், கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"என்னைப் பாத்துக்கிட்டேல்ல சொன்னாரு அந்த மனுஷன்!" என்று லோயிஸ் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பந்தயத்தை மைக்கில் வர்ணித்துக்கொண்டிருந்த போனி கத்தினாள்: "ருவோனா ஜோடி இல்லாம என்ன பந்தயம்? இந்த வருஷம் யாரு விழுறதைப் பாத்து நாங்க சிரிக்கிறது?"

எல்லாரோடும் டேலும் சிரித்தார். பிறகு காலடியில் கிடந்த பனியையே பார்த்துக்கொண்டு நின்றார். லோயிஸ் கழுத்துத் துணியைக் கழற்றி வீசிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறுய்யா."

"பைத்தியமா உனக்கு? இடுப்பு போயிடும்."

"பயப்படாதே. உன்னை மாதிரி கீழ போட மாட்டேன்."

டேல் முதுகில் ஏறிக்கொள்ள, நடுவர் தலையைச் சொறிந்தார். "யாரோ யாரையோ தூக்கினா சரி" என்று விசிலை ஊதிவிட்டார்.

மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். பனிமேட்டில் ஏறும்போது லோயிஸுக்குக் கால் புதைந்தது. கயிற்றுக்கு அப்பாலிருந்து வெஸ் பெல்கோனன் தாவி வந்தான். அன்று டேலை இழுத்துப் போனவர்களில் ஒருவன். பின்னாலேயே மற்ற மூவரும்.

"பிடிக்கட்டுமாக்கா?"

"வேணாம். கூட நடங்க, போதும்."

அவர்களுக்கு லோயிஸ் கேக் செய்து அனுப்பியிருக்கிறாளே தவிர, நேரில் கண்டால் வேறு பக்கம் நடந்துவிடுவாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது, டேலின் மூச்சு கழுத்தில் சூடாகப் பட, கேட்டாள்:

"வெஸ், அன்னிக்கும்... இவரு இவ்வளவு கனமா?"

"இதுக்கும் மேலக்கா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல அண்ணன் இளைச்சிட்டாரு."

"டேய், நான் இங்கதான்டா இருக்கேன்!" என்றார் டேல் முதுகிலிருந்து.

"ஆமாய்யா, இங்கதான் இருக்கே" என்றாள் லோயிஸ். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இவங்க புண்ணியத்துல இருக்கே. நல்லா இருக்கணும்ப்பா நீங்கல்லாம்."

வெஸ் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மேட்டைப் பாருங்கக்கா, வழுக்கும்."

கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மாலையில் மண்டபத்தில் அக்கார்டியன் வாசித்தார்கள். டேல் போனியோடு மெதுவாக ஒரு பாட்டுக்கு ஆடினார். முதுகு பிடித்துக்கொண்டதால் லோயிஸ் தீயணைப்புக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து தாளம் போட்டாள்.