ஹெட்டு போயிடுச்சு

ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்துவிட்டு அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நேற்று மாலை விளிம்பு தொட ஊற்றிய தண்ணீர் மறுபடியும் இறங்கியிருந்தது. குனிந்து, காருக்கு அடியில் விரித்து வைத்திருந்த அட்டையை இழுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"தண்ணி உள்ள போகுது. எங்க போகுதுன்னுதான் காட்ட மாட்டேங்குது" என்றாள்.

"உங்கப்பா வண்டி அவர் மாதிரிதானே இருக்கும்" என்றாள் அம்மா, ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அந்த ஜன்னலை ஒட்டித்தான் அப்பாவின் கட்டில். இனி எங்கேயும் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து பார்த்தாயிற்று, ஒருவரைத் தவிர.

சித்தப்பாவும் அப்பாவும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஒரு லாரி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல் என்று அப்பா சொல்ல, இல்லை, அதற்கு அடியில் உள்ள கேஸ்கட்தான் என்று சித்தப்பா சொல்ல, வாடிக்கையாளர் முன்னால் "உனக்கு என்னடா தெரியும்?" என்று அப்பா கேட்டுவிட்டார். அன்று கையைத் துடைத்துக்கொண்டு போன சித்தப்பா அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. நேற்று அவள் போனில் கெஞ்சியபோதும், "ஹெட்டோட வண்டி வந்து என் வாசல்ல நிக்கட்டும், வரேன்" என்றுதான் சொன்னார். பட்டறைக்கு வருவதற்கு முன்னால் பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்ததால் அப்பாவுக்கு 'ஹெட்டு' என்று பெயர். வீட்டிலும் அதுதான், வெளியிலும் அதுதான்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். நடுவில் ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். நேற்று கடைத்தெரு போய் வருவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

குழாய்களைத் தடவிப் பார்த்தாள். தண்ணீர்ப் பம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். எல்லாம் காய்ந்து கிடந்தன. எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவினாள். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால் ஊற்றிய காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். கறுப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல் எஞ்சினைக் கிளப்பினாள். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன.

"காத்து அடைச்சிருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். காற்றாக இருந்தால் வெளியேறி அடங்க வேண்டும். அடங்கவில்லை. உலை கொதிப்பதுபோல வந்துகொண்டே இருந்தன. எஞ்சினோ இன்னும் கை வைக்கும் சூட்டில்தான் இருந்தது.

அணைத்துவிட்டுப் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாவற்றிலும் கரி படிந்திருந்தது. மூன்றாவது மட்டும் கழுவித் துடைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது.

"அம்மா, கொஞ்சம் வந்து சாவியைத் திருப்பு. நான் சொன்னதும் விட்டுடு."

அம்மா கையில் ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்தாள். திருப்பினாள். மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து அவள் முகத்தை நனைத்தது.

"விடு, விடு!"

நெருப்பும் தண்ணீரும் கலக்காமல் இருக்க எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடுதான் கேஸ்கட். அது போய்விட்டது. இனி சந்தேகம் இல்லை.

"கேன்ல தண்ணி எடுத்துக்கிட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டிட்டுப் போயிடுவேன்."

"மலையில நின்னுச்சுன்னா? இவர் உன்னைக் கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளக்குகளைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனை எடுத்தாள். சித்திதான் எடுத்தாள். அவர் குளிக்கிறார் என்றாள்.

"சித்தி, அவர்கிட்ட சொல்லிடுங்க. ஹெட்டு போயிடுச்சு. என்னால வர முடியாது. அவரையே உடனே கிளம்பி வரச் சொல்லுங்க."

"சரிம்மா. தைரியமா இரு" என்றாள் சித்தி. ஒரு கேஸ்கட்டுக்கு எதற்கு இவ்வளவு தைரியம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு உதடு நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அடுத்த நொடி தெருவே கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே! என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டியே!"

சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருக்க, சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"இருக்கேன்டா" என்றார் அப்பா. "இப்பவே எல்லாத்தையும் அழுதுட்டா அப்புறத்துக்கு என்ன பண்ணுவே?"

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். "உங்க சித்திதான் சொன்னா, ஹெட்டு போயிட்டாருன்னு!"

"நான் போயிடுச்சுன்னுதான் சித்தப்பா சொன்னேன். வண்டியோட ஹெட் கேஸ்கட்."

சித்தி மரியாதை தெரிந்தவள். மூத்தாரை 'போயிடுச்சு' என்று சொல்ல நாக்கு கூசி 'போயிட்டாரு' ஆக்கியிருக்கிறாள். அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்புதான், ஆனால் இருமலில் போய் முடிந்தது. அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வண்டி வந்தாத்தான் வருவேன்னியாமே" என்றார் அப்பா, மூச்சு வந்ததும்.

"வண்டி வரலையே. நான் திரும்பிப் போறேன்."

"போ. போறதுக்கு முன்னாடி, அவ சொல்றது சரியான்னு பாத்துட்டுப் போ."

சித்தப்பா விறைப்பாக வெளியே போனார். "பம்பா இருக்கும்" என்றார். அவள் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போட்டு, வண்டியைக் கிளப்பினாள். அவர் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் இன்னும் சூடேறவே இல்லை. அவர் முகம் மாறியது.

"குழாய் அதுக்குள்ள கல்லாட்டம் ஆயிடுச்சு. எஞ்சின் புகை தண்ணிக்குள்ள ஏறுது. எத்தனாவது சிலிண்டர்?"

"மூணாவது."

"சரியாத்தான் பாத்திருக்கே" என்றவர், வாடகைக் காரை அனுப்பிவிட்டு உள்ளே போனார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த கறுப்பைச் சுரண்டினாள்.

"கேஸ்கட்தான்" என்றார் சித்தப்பா உள்ளே.

"உனக்கு எல்லாமே கேஸ்கட்தான்."

"அப்ப அந்த லாரி?"

"அது விரிசல்."

"நீ கழட்டிப் பாத்தியா?"

"பாக்கணுமா? சத்தத்துலயே தெரியாது?"

குரல்கள் ஏறின. அம்மா பதறி எழுந்து வந்தாள். "இந்த நிலைமையில சண்டை போடறாங்களே, நீ போய்ச் சொல்லேன்டி."

"போடட்டும்மா" என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. உள்ளே பேச்சில் டிப்போ வந்தது, யாரோ ஒரு கோணவாய் டிரைவர் வந்தான், ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சித்தப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"சரி, சும்மா கேக்கறேன். ஒருவேளை கேஸ்கட்டா இருந்திருக்கலாம் இல்ல? ஒருவேளைதான்."

அவளும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"இருந்திருக்கலாம்னாவது சொல்லேன். அண்ணே."

அவள் எழுந்து உள்ளே போனாள். சித்தப்பா கட்டில் விளிம்பில், அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒத்துக்கலைம்மா" என்றார். "கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை."

அவர் அழவில்லை. பின்னாலேயே வந்த அம்மாதான் சுவரோடு சரிந்தாள். அவள் அம்மாவைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அப்பாவின் வாயை மூடி முகத்தைத் துடைத்தாள். பிறகு வெளியே வந்து சித்தியைக் கூப்பிட்டாள்.

"சித்தி, அப்பா போயிட்டாரு."

"அதான் காலையிலயே சொன்னியேம்மா. எல்லாருக்கும் சொல்லிட்டேன். கிளம்பி வந்துக்கிட்டே இருக்காங்க."

"ஆமா சித்தி" என்றாள் அவள். "வாங்க."

சித்தி சொல்லியனுப்பிய சனம் விளக்கு வைப்பதற்குள் வந்து சேர்ந்தது. சித்தப்பா பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வாங்க, உள்ள வாங்க" என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்தார். படியில் செருப்புகள் குவிந்தன. யாரும் தடுக்கி விழாமல் இருக்க அவர் குனிந்து அவற்றை ஓரமாக நகர்த்தினார். நடுவே தன் ஜோடி கையில் அகப்பட்டது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில், அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.