உள்ளங்கைச் சீனி

இராக்கம்மா திருட்டுத்தனமாகச் சீனி தின்கிறாள் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக நான்தான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். கொழுந்து பறிக்கிறவர்கள் தேத்தண்ணீர் குடிக்கும் விதம் எனக்குத் தெரியாதா? கோப்பையில் சீனி கலக்கமாட்டார்கள், கட்டுப்படியாகாது. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. ஆகவே கள்ளத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கோப்பையைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். தினமும் காலையில் ஊசி போடுமுன், "எங்க, கையைக் காட்டு பிள்ளை" என்பேன். இரண்டு கையையும் நீட்டுவாள். பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. கெட்டிக்காரி, கழுவிவிட்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. நீரிழிவு. நாற்பது அலகு இன்சுலினில் தொடங்கி எண்பது, நூற்றிருபது என்று ஏற்றி இருநூறில் வந்து நின்றோம். அந்த அளவுக்கு யானை கூட மயங்கி விழும். இவளுடைய மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினால் மட்டும் அதே செங்கல் நிறம். சீனி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ஆளோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனாள்.

ஒருநாள், எங்களுக்கு இன்சுலின் அனுப்பும் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து டொக்டர் ஜெயமலரின் கடிதம் வந்தது. 'இவ்வளவு மருந்தும் நோயாளியின் உடம்புக்குள்தான் போகிறதா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும்.' மரியாதையான வரிதான். ஆனால் அதற்கு ஒரே அர்த்தம்: இளையதம்பி, மருந்தை விற்கிறாயா? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போனால் போகட்டும், கள்ளன் என்ற பெயரோடு யாழ்ப்பாணம் திரும்ப நான் தயாரில்லை.

இராக்கம்மாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்தேன். சாப்பாட்டு அலுமாரியைப் பூட்டித் திறப்பை என் மடியில் செருகிக்கொண்டேன். அவள் புருஷன் அழகையாவை வாசலோடு நிறுத்தி, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பினேன். "எம் பொண்டாட்டி திருடிங்களா ஐயா?" என்று கேட்டான். "அதைத்தானே பாக்கிறம்" என்றேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. லயத்து வீடுகளில் அவளுக்குச் சீனிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. அழகையாவும் வீட்டுச் சீனி டின்னைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

பத்தாம் நாளும் செங்கல் நிறம்.

யார் கள்ளர் என்று நேரிலேயே தெரியட்டும் என்று அவளைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பண்டாரவளையில் பஸ் நின்றபோது கச்சான்காரன் வறுத்த கடலைச் சுருள்களோடு ஏறினான். நான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

டொக்டர் அவளை உட்கார வைத்து, கொண்டையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். பிடரியும் கழுத்தோரமும் கறுத்துத் தடித்திருந்தன.

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "அது கூடைக்கயித்துத் தழும்பு, டொக்டர். கொழுந்து எடுக்கிற ஆக்களுக்கு உள்ளதுதான்."

டொக்டர் அவளை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

"இளையதம்பி, கூடைக்கயிறு கமக்கட்டுக்குள்ளயும் போகுமோ?"

மூன்று மாதமாக அந்தக் கழுத்தைப் பார்த்திருக்கிறேன். கையைத்தான் தடவினேனே தவிர, அந்தக் கையை ஒருமுறை தூக்கி அக்குளைப் பார்க்கவில்லை.

டொக்டர் வந்து உட்கார்ந்தார். "உடம்பில ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கு. அந்தச் சவ்வில புரதத்தால ஆன பூட்டுகள். இன்சுலின்தான் திறப்பு. திறப்பு பூட்டில பொருந்தினாத்தான் உள்ள செய்தி போகும், சீனிக்குக் கதவு திறக்கும். இந்தப் பிள்ளைக்குத் திறப்புக்குக் குறைவில்லை, பூட்டுத்தான் பழுது. நீங்கள் குடுத்த மருந்தெல்லாம் வாசலிலயே நிக்குது. இன்சுலின் அப்பிடித் தேங்கினா தோலும் இப்பிடிக் கறுக்குமாம். கொஞ்ச வருஷத்துக்கு முன்னம்தான் கண்டுபிடிச்சிருக்கினம், நானும் படிச்சதுதான். கொழும்புக்கு எழுதித் தாறன். பிந்தினா ஆபத்து." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களையும் பிழையா நினைச்சிட்டன்" என்றார்.

என் பெயர் தப்பியது. அந்த நிம்மதியில் நான் பெருமூச்சு விட்டதை இராக்கம்மா பார்த்தாள்.

"அப்ப நா சீனி திங்கலைன்னு தெரிஞ்சிருச்சுங்களா?" என்று டொக்டரிடம்தான் கேட்டாள், என்னிடம் அல்ல.

திரும்பும் வழியில் ஒரு சுருள் கச்சான் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

"தின்னன் பிள்ளை, அதால ஒண்டும் வராது."

"நீங்க பாக்குறப்ப திங்க பயமா இருக்குங்க ஐயா."

ஹல்துமுல்லை வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. இறங்கும்போது சுருள் அப்படியேதான் இருந்தது.

கொழும்புக்குப் போக நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை ஊசிக்கு வந்தாள். அழகையாவும் வந்து வாசலில் நின்றான். நான் ஊசியை எடுக்குமுன்னே இரண்டு உள்ளங்கைகளும் மேசைமேல் விரிந்தன.

"இனி அது வேண்டாம் பிள்ளை" என்றேன்.

அவள் மடக்கவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துருங்க ஐயா. நீங்க பாத்து ஒண்ணுமில்லைன்னு சொன்னாத்தான் அவரு நம்புவாரு."

அழகையா அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான், மூன்று மாதமாக நான் பார்த்தது போலவே. நான் குனிந்து பார்த்தேன். கொழுந்துக் கறை மட்டும் இருந்தது. நான் முதன்முதலாகப் பார்த்த நாளிலும் அதுதான் இருந்தது.