மூடக் கூடாத பெட்டி

பிரேதப் பெட்டியின் மூடிமேல் ஹியூபேட் அமர்ந்திருந்தார். மூடி முன்விறாந்தையில் இரண்டு நாற்காலிகளுக்குக் குறுக்கே கிடத்தப்பட்டிருந்தது. பெட்டியோ கூடத்தில், மெழுகுதிரிகளுக்கு நடுவே, அவருடைய அக்கா கொன்ஸ்ரன்ஸைத் தாங்கியபடி திறந்திருந்தது. இரண்டையும் ஒன்றுசேர்க்க வந்திருந்த, அடக்கம் செய்துகொடுக்கும் மலர்ச்சாலைக்காரர் சிறில், பெட்டியின்மேல் விழுந்து புரளும் உறவினர் பலரைத் தம் தொழிலிற் கண்டவர். மூடியின்மேல் கால்மேற் காலிட்டு அமர்ந்த உறவினரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

“மிஸ்டர் ஹியூபேட், எழும்புங்க. கோயில்ல ஃபாதர் காத்துக்கொண்டு நிக்கிறார்.”

“நிக்கட்டும். சின்ன வயசுதானே, கால் உளையாது.”

“மூடாமக் கோயிலுக்குள்ள எடுக்க ஏலாது எண்டு அவர்தான் சொன்னவர்.”

“மூட வேணாம் எண்டு அக்கா சொன்னவ. ஃபாதர் பெருசா, அக்கா பெருசா?”

சிறிலின் தொழிலில் வாடிக்கையாளர் எவரும் எதிர்த்துப் பேசியதில்லை. உயிருள்ளவர்களோடு வாதாடிப் பழக்கம் அவருக்குக் குறைவு.

ஹியூபேட்டின் மனைவி லவினா வாசற்படியில் நின்று கேட்டார். “வழியில மழை பெஞ்சா என்ன செய்யப் போறீங்க?”

“குடை பிடிப்பன்.”

“கொட்டாஞ்சேனை முழுக்கச் சிரிக்கும்.”

“அக்காவப் பாத்து ரெண்டு வருசமா சிரிச்ச சனந்தானே. இன்னுமொருக்காச் சிரிக்கட்டும்.”

ஹியூபேட் வேடிக்கைக்காக அங்கே அமர்ந்திருக்கவில்லை. கொன்ஸ்ரன்ஸின் இதயம் திடீரெனத் தளர்ந்து, அவரை ஆஸ்பத்திரியிற் சேர்த்த மறுநாள் மாலை, அவர் மூக்கின்மேலிருந்த மூச்சுக்கவசத்தைத் தாமே விலக்கினார். “பெட்டிய மூடிராத, ஹியூபேட். காத்துப் போகவேணும்” என்றார். தம்பி திடுக்கிட்டுப்போய், “மூட மாட்டன் அக்கா” என்றார். அக்கா அவர் கையை இருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்தார். பிறகு விழிக்கவில்லை. அவர் இவ்வுலகிற் பேசிய கடைசி வாக்கியம் அது. கேட்ட காது ஒன்றே ஒன்று.

அவ்வாக்கியத்தின் பொருளில் வீட்டிலே எவருக்கும் ஐயம் எழவில்லை. கொன்ஸ்ரன்ஸ் மின்தூக்கியில் ஏறாதவர். எத்தனை மாடியாயினும் படியேறிப் போய் மூச்சு வாங்குவார். அப்படிப்பட்டவர் அடைபட்டுப் போக அஞ்சியதில் வியப்பென்ன? எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

‘விளங்குகிறது’ என்னும் இந்தச் சொல்லால் விளையும் கேடு கொஞ்சமன்று. வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முகப்பிலே கட்டியிருந்த பதாகையில் ‘கன்னீர் அஞ்சலி’ என்று எழுத்தொன்றுக்கு ஒரு முழ உயரத்தில் அச்சாகியிருந்தது. கண்ணிலிருந்து வருவதால் அது கண்ணீர். கன்னத்தில் வழிவதால் ‘கன்னீர்’ என்று அச்சகத்தார் கருதினர் போலும்! பிழையைச் சுட்டிக்காட்டியபோது, “விளங்குதுதானே அங்கிள்” என்றார்களாம். விளங்குவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதை எந்த அச்சகத்துக்கு யார் போய்ச் சொல்வது?

அந்தப் பதாகையில் இருந்த படமும் வழக்கமான படமன்று. கொன்ஸ்ரன்ஸ் தலைக்கவசம் அணிந்து, முழுநீளப் பாவாடையோடு, நான்கு சில்லுப் பலகை ஒன்றின்மேல் நிமிர்ந்து நின்றார். மின்சாரத்தில் ஓடும் ஸ்கேட்போட் அது. ‘மின்சறுக்குப்பலகை’ என்று எழுதலாம். ஆனால் அதைச் செய்தவர் ‘பலகை’ என்றே அழைத்தார். தொலைபேசி நிலையத்தின் திருத்தற்பகுதியில் பணியாற்றி இளைப்பாறும்வரை வயர்களோடு வாழ்ந்த அவருக்கு வீட்டிற் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒட்டுப்பலகைகளை அடுக்கிப் பசையிட்டு வளைத்தார். தெருவோரச் சாக்கடைக் கான் மூடிகளின் இடுக்கில் அகப்படாதபடி அகன்ற இறப்பர்ச் சில்லுகள் பூட்டினார். பின்சில்லோடு மோட்டரைப் பட்டியால் இணைத்தார். வயதுக்கேற்ற பிடிமானம் வேண்டுமென்று, நிலத்தில் நிற்கும் பழுதான மின்விசிறியின் தண்டைக் கழற்றி முன்னால் நட்டார். அடியிலே பச்சை விளக்கு இடப்பக்கம், சிவப்பு விளக்கு வலப்பக்கம் பூட்டினார். துறைமுகத்துக் கப்பல்களுக்கு அது நேர்மாறு என்று யாரோ சொன்னதற்கு, “நான் என்ன கப்பலா?” என்று கேட்டாராம்.

ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் பலகை மல்லாத்தப்படும். சில்லுகளின் போறிங்குகள் ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெயில் ஊறும். பட்டி தளர்ந்திருந்தால் இறுக்கப்படும். அவ்வேளையில் மின்சூள் வெளிச்சம் பிடிப்பது ஹியூபேட்டின் வேலை. “அங்க இல்ல, இங்க பிடி. என்ட மூக்கையா திருத்தப் போறன்?” என்ற அதட்டல்களுக்கிடையே அவர் பிடித்தார். ஆனால் தெருவிலே கண்டால் அறியாதவரைப்போற் போய்விடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் விளைவாக, அவர் அலுவலக நண்பர்களோடு நிற்கும்போதெல்லாம் ஒழுங்கை அதிரும்படி, ‘தம்பி’ என்பதைச் சிங்களத்திற் கூவிக்கொண்டு ஒரு குரல் கடந்துபோகும்: “குட் மோர்னிங், ஹியூபேட் மல்லீ!”

அன்று காலை, பலகையைப் பெட்டியின் அருகில் வைக்கவேண்டும் என்று ஹியூபேட்டின் மகள் ரொஷேல் பிடிவாதமாக நின்றாள். விளக்குகள் எரிந்தால் மாமிக்குப் பிடிக்கும் என்றாள். விடிந்ததும் பலகையைத் துடைத்து, வெளியே தொங்கிய வயர்களை உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் முறுக்கி ஒழுங்காக்கி, பின்னறையில் சார்ஜிலே போட்டிருந்தாள். துக்கவீட்டில் அவள் ஒருத்திதான் உருப்படியாக ஏதோ செய்கிறாள் என்று லவினாகூட மெச்சினார்.

வாயிலிலே ஓர் இளைஞர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெமட்டகொடையைச் சேர்ந்த ஜவாத், வங்கியிற் பணிபுரிபவர். அவரும் சொந்தமாக ஒரு பலகை செய்து ஓட்டுபவர். கிழமைக்கு ஒருநாள் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியிலே அவரும் கொன்ஸ்ரன்ஸும் விடியற்காலை பலகைப் பந்தயம் விடுவார்கள் என்பது அவ்வீட்டில் பாதிப்பேர்தான் நம்பிய செய்தி. அவர் உள்ளே போகாமல் ஹியூபேட்டின் அருகிற் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“பெட்டியத் தொறந்துதானே வச்சிருக்கிறீங்க, அங்கிள்?”

ஹியூபேட்டின் முகம் மலர்ந்தது. விடிந்ததிலிருந்து அவருக்கு வாய்த்த முதலாவது துணை!

“ஓம் மகன். நீங்களாவது கேட்டீங்களே! கடைசிமட்டும் திறந்துதான்.”

“அதுதான் சரி. அன்ரி போன கெழமையும் செல்லிக்கொண்டிருந்தாங்க.”

“போன கிழமையே சொன்னவவா?” ஹியூபேட் சிறிலைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வழக்கில் வென்றவரின் பெருமிதம் இருந்தது. “கேட்டீங்களா? போன கிழமையே சொல்லியிருக்கிறா.”

“மூடினா உள்ளுக்குச் சூடு கூடி வீங்கிரும் எண்டாங்க” என்றார் ஜவாத்.

சிறிலின் தொழிற்பெருமை புண்பட்டது. “தம்பி, நாங்க மருந்து ஏத்தியிருக்கிறம். எங்கட கையால போன ஒருத்தரும் இதுவரைக்கும் வீங்கினதில்ல.”

ஜவாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா செல் மாத்தினது?”

“என்ன செல்?”

“புது பற்றரி செல். பலகைக்குக் கீழ இருக்கிற பெட்டிக்குள்ள. சூட்டை இழுக்க ஒரு சின்ன ஃபேன் ஓடர் பண்ணினாங்க, அது இன்னும் வரல்ல. அது வரும்வரைக்கும் சார்ஜ் போடக்குள்ள பெட்டிய மூடவே கூடாது எண்டு...” ஜவாத் நிறுத்தினார். விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் தம்மையே பார்ப்பதை அப்போதுதான் கண்டார். “ஏன் அங்கிள், நான் ஏதாச்சும் பிழையா செல்லிட்டனா?”

ஹியூபேட் மூடியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ரொஷேல்! பலகை எங்க?”

“பின்னறையில, அப்பா. சார்ஜ்ல.”

“பெட்டி?”

“வடிவா மூடிட்டன். எல்லா ஸ்குரூவும் போட்டு.”

கறுப்புக் கோட்டோடு ஹியூபேட் கூடத்தைக் கடந்து ஓடினார். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ‘பிரியதத்தத்தினாலே’ என்பதோடு நின்று வழிவிட்டார்கள். அவருக்குப் பின்னே ஜவாத் ஓடினார். ஜவாத்துக்குப் பின்னே, காலையிலிருந்து தாம் காத்திருந்த மூடி இப்போது ஆளின்றிக் கிடக்கிறது என்பதையும் மறந்து, சிறில் ஓடினார்.

பின்னறையில் சுடுபிளாஸ்டிக் மணம் மெல்லப் பரவியிருந்தது. ஜவாத் மின்செருகியைப் பிடுங்கினார். அவரும் ஹியூபேட்டுமாகப் பலகையைத் தூக்கிப் பின்முற்றத்துச் சீமெந்தின்மேல் மல்லாத்தினார்கள். கறுப்புப் பெட்டியின் மூடியில் உள்ளங்கை வைத்த ஹியூபேட், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டவர்போற் கையை இழுத்துக்கொண்டார்.

“ஸ்குரூட்றைவர்! யாரிட்டயாவது ஸ்குரூட்றைவர் இருக்கா?”

சிறில் தம் கோட்டின் உட்பையிலிருந்து பிரேதப் பெட்டிகளுக்கான திருப்புளியை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. இதால மூடித்தான் பழக்கம். திறக்குமோ தெரியாது.”

அது திறந்தது. முழந்தாளிட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிக் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்த ஹியூபேட்டுக்கு, அக்காவின்மேல் கோபம் கோபமாக வந்தது. ‘அந்த’ என்று ஒரு சுட்டுச் சொல்! வாக்கியத்தின் முன்னே அதைச் சேர்த்திருந்தால் ஆகாதா? ‘அந்தப் பெட்டி’ என்றோ ‘பலகைப் பெட்டி’ என்றோ சொல்ல எவ்வளவு மூச்சுச் செலவாகியிருக்கும்? சாகக் கிடந்தவர் தம் சாவைப் பற்றித்தான் பேசுவார் என்று எல்லாரும் எண்ணினார்கள். இவரோ ஃபேன் வந்ததா, செல் சூடாகிறதா என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பாடை, பூசை, கல்லறை ஒன்றும் அவர் நினைவில் இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருந்திருக்கிறது.

மூடி கழன்றது. அனல் முகத்தில் அடித்தது. உள்ளே மின்கலங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவை ஒன்றையொன்று தொடாமல், இடையே காற்றுப் போகும்படி, ஒவ்வொன்றும் துளை துளையான இளஞ்சிவப்புக் குழாய் ஒன்றினுள் செருகப்பட்டிருந்தது.

பின்னால் வந்து எட்டிப் பார்த்த லவினா கையை மார்பில் வைத்தார். “என்ட கேர்ளர்!”

“என்ன?”

“தலைமயிர் சுருட்டுற கேர்ளர். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் தேடித் தேடிக் கடைசியா வேலைக்காரப் பிள்ளையில பழி போட்டனான். பாவி மனுசி, ஒண்டையும் விடாம எடுத்திருக்கிறா!”

“நல்ல ஐடியா, அன்ரி” என்றார் ஜவாத் உண்மையான வியப்போடு. “சைஸ் அச்சொட்டாச் சரி.”

லவினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து குலுங்கினார். அதைக் கண்ட ரொஷேலும் சிரித்தாள். உள்ளேயிருந்து பார்த்த செபமாலைப் பெண்கள் அவர்கள் அழுவதாக எண்ணி, ஒரு தேவ இரகசியத்தைக் கூடுதலாகச் செபித்தார்கள்.

ஹியூபேட் சிரிக்கவில்லை. கோயிலுக்கென்று அச்சடித்த பாட்டுத்தாள் ஒன்றை மடித்து, பெட்டிக்குள் காற்றுப் படும்படி விசிறத் தொடங்கியிருந்தார்.

“வீங்கினதா?”

“இல்ல, அங்கிள். தப்பிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தாத்தான்...”

“சூடு இருக்குதா?”

“இருக்கு. கெதியா ஆறிரும்.”

ஹியூபேட் புறங்கையால் ஒரு கலத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல இருந்தது அது. மறுபடி விசிறினார். விசிறலுக்குத் தக்கபடி பாட்டுத்தாளிலிருந்த கொன்ஸ்ரன்ஸின் பெயர் மேலும் கீழும் போய்வந்தது.

சிறில் தொண்டையைச் செருமினார். அன்று முதன்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

“மிஸ்டர் ஹியூபேட். மற்றப் பெட்டி?”

விசிறிய கை ஒரு கணம் நின்றது. திறந்திருந்த கதவுகளின் வழியே கூடத்து மெழுகுதிரிகள் தெரிந்தன. ஹியூபேட் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். திருப்புளியை எடுத்துச் சிறிலிடம் நீட்டினார்.

“மூடுங்க.”

“நீங்க வரேல்லையா?”

“நீங்க போங்க. இதுக்குக் காத்து வேணும்.”

சிறில் உள்ளே சென்றார். சற்று நேரத்தில் மரத்தில் மரம் பொருந்தும் ஓசையும், அதன்பின் திருகாணிகள் ஒவ்வொன்றாக இறுகும் ஓசையும் முற்றம்வரை கேட்டன. ஹியூபேட் அவற்றுக்குத் தலை நிமிரவில்லை. சீரான கையோடு விசிறிக்கொண்டேயிருந்தார். ஓசை முழுதும் ஓய்ந்த பிறகே எழுந்து, முழந்தாளிலிருந்த தூசியைத் தட்டினார்.

“ரொஷேல், நிழல்ல விடு. ஒருத்தரும் மூடக் கூடாது.”

“சரி, அப்பா.”

ஒழுங்கைக்குள் வாகனம் வராதென்பதால் பெட்டியைத் தோளிலே சுமந்தார்கள். முன் இடப்பக்கம் ஹியூபேட். முச்சக்கர வண்டிக்காரர்கள் வண்டிகளை ஓரங்கட்டி எழுந்து நின்றார்கள். ஒருவர், பழக்கதோஷத்தில், “அன்ரி, சிக்னல் போடுங்க!” என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒருவரும் கோபிக்கவில்லை. ஹியூபேட் இடக்கையை வெளியே நீட்டி, சந்தியில் இடப்பக்கம் திரும்பப்போவதைக் காட்டினார்.

பெருந்தெருவில் ஜவாத் நெருங்கிவந்து, தோள் மாற்றட்டுமா என்று கேட்டார். ஹியூபேட் வேண்டாமென்று தலையசைத்தார். அவருடைய கோட்டுப்பைக்குள் கழற்றிப் போட்ட திருகாணிகள் கிடந்தன. கோயில் வாயில்வரை, அடிக்கு ஒருமுறை அவை ஒன்றோடொன்று மோதி மெல்ல ஒலித்தன.